ஆஞ்சலோ அட்சுர்ரோ: நீல ஜின் காக்டெயிலை வீட்டில் கலக்குவது பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கப்பல் பாரில் வேலை பார்த்தவன் என்று தெரிந்துவிட்டால் போதும், பாளையங்கோட்டையில் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் யாராவது தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்பது இந்த நீல நிற இத்தாலிய காக்டெயிலைப் பற்றித்தான். வாட்ஸ்அப்பில் கேட்பதும் அதேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு இது இல்லை. அவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் கடைசிக்கு முந்தினதாகத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது, நேரே அங்கே போய்விடலாம்.

"அண்ணாச்சி, அந்த நீலமா இருக்குமே, அது என்ன சரக்கு?"

அது ஒரே சரக்கு இல்லை, மூன்று சேர்ந்தது. ஜின், ஆரஞ்சுத் தோல் வாசம் கொண்ட டிரிபிள் செக் என்கிற இனிப்பு மது (இதில் பெரும்பாலும் குவான்ட்ரோ), அப்புறம் கொஞ்சமே கொஞ்சம் புளூ குராசோ. மூன்றையும் ஐஸோடு குலுக்கி, வடிகட்டி, குளிர்ந்த கிளாஸில் ஊற்றினால் அதுதான் ஆஞ்சலோ அட்சுர்ரோ, நீல தேவதை. 1980களிலும் 90களிலும் இத்தாலிய டிஸ்கோக்களில் கொடிகட்டிப் பறந்த காக்டெயில். நடுவில் கொஞ்ச காலம் பழைய ஃபேஷன் என்று ஒதுக்கிவிட்டார்கள், இப்போது மறுபடியும் கேட்கிறார்கள்.

ஜூஸ் கிடையாது, சோடா கிடையாது, மூன்றும் மதுதான். பார்ப்பதற்குச் சின்னப் பிள்ளைகள் குடிக்கிற கலர் மாதிரி இருந்தாலும் இது கனமான காக்டெயில் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கணக்கு கீழே வருகிறது.

"அளவ மட்டும் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கிடுதேன்"

ஜின் ஆறு பங்கு, டிரிபிள் செக் மூன்று பங்கு, புளூ குராசோ ஒரு பங்கு. பாரில் 60, 30, 10 மில்லி என்று ஊற்றுவோம். வீட்டில் அதில் பாதி போதும், 30 மில்லி ஜின், 15 மில்லி டிரிபிள் செக், 5 மில்லி புளூ குராசோ. கிளாஸ் நிறையவில்லையே என்று யோசிக்காதீர்கள், சின்ன கிளாஸாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளாஸை முதலில் ஃப்ரீசரில் 20 நிமிஷம் வையுங்கள். குலுக்குகிற பாத்திரத்தில் மூன்றையும் ஊற்றி, முக்கால்வாசி ஐஸ் போட்டு, மூடி, 10 முதல் 12 நொடி நன்றாக, கை வலிக்கிற அளவுக்குக் குலுக்க வேண்டும். ஸ்டீல் பாத்திரம் என்றால் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி படரும், விரல் ஒட்டுகிற மாதிரி ஜில்லென்று ஆகும், அதுதான் நிறுத்த வேண்டிய நேரம். உடனே வடிகட்டி ஊற்றிவிடுங்கள். ஐஸ் கிளாஸுக்குள் போகக் கூடாது.

"நீலமா இருக்கே, புளூபெர்ரி ருசியா இருக்குமோ?"

இல்லை, ஆரஞ்சு. கரீபியன் கடலில் குராசோ என்று ஒரு தீவு இருக்கிறது, டச்சுக்காரர்கள் ஆண்ட இடம். அவர்களுக்கு முன்னால் வந்த ஸ்பெயின்காரர்கள் அங்கே வலென்சியா ஆரஞ்சு நட்டார்கள். அந்த வறண்ட மண்ணில் பழம் வாயில் வைக்க முடியாத கசப்பாகப் போய்விட்டது, ஆனால் தோலைக் காயவைத்தால் அப்படி ஒரு மணம். அந்தப் பழத்துக்கு லராஹா என்று பெயர். அதன் தோலை ஊறவைத்துச் செய்ததுதான் குராசோ மது, இயல்பில் அதற்கு நிறம் கிடையாது. நீலம் என்பது பிறகு சேர்க்கிற உணவுச் சாயம், பெரும்பாலும் பிரில்லியன்ட் புளூ, லேபிளில் இ133 என்று போட்டிருக்கும்.

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. எல்லோரும் நீலத்தைத் துரத்துகிறார்கள், கலர் வரவில்லை என்று குராசோவை இன்னும் இன்னும் ஊற்றி இருமல் மருந்தாக்கிவிடுகிறார்கள். இந்தக் காக்டெயிலின் உயிர் ஆரஞ்சுத் தோல் வாசமும் குளிர்ச்சியும்தான். அது இரண்டும் சரியாக இருந்தால் நிறம் லேசாக இருந்தாலும் ருசி நிற்கும், நிறம் மட்டும் அடர்த்தியாக இருந்து ஒரு பிரயோசனமும் இல்லை.

"அளக்க ஒண்ணும் இல்ல. கண்ணளவு போட்டா ஆகாதா?"

ஆகாது. ஜின்னில் 5 மில்லி கூடினால் தெரியாது, புளூ குராசோவில் 5 மில்லி கூடினால் அது இரண்டு மடங்கு. பிள்ளைகளுக்கு வாங்கின சளி மருந்து பாட்டிலின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி கவிழ்த்திருப்பார்கள் இல்லையா, 2.5, 5, 10 மில்லி என்று கோடு போட்டது, அதைக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சரியான அளவு வீட்டில் வேறு கிடைக்காது.

"ஷேக்கர் இல்ல. தூக்குவாளில போட்டு குலுக்கட்டுமா?"

தூக்குவாளி மூடி குலுக்கினால் கழன்றுகொள்ளும், சட்டையெல்லாம் நீலமாகிவிடும். ஜிம்முக்குப் போகிற பையன் வீட்டில் இருந்தால் அவனுடைய புரோட்டீன் ஷேக்கர் நல்லது, மூடி இறுக்கமாக இருக்கும். பவுடர் வாசம் போக வெந்நீரும் எலுமிச்சைத் தோலும் போட்டு ஒருமுறை கழுவுங்கள். திருகு மூடி போட்ட ஸ்டீல் தண்ணீர் பாட்டிலும் சரி, ஆனால் வாய் அகலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐஸ் உள்ளே போகாது. கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஐஸ்கட்டி உள்ளே முட்டி விரிசல் விட்டால் கையைக் கிழித்துவிடும். வடிகட்ட டீ வடிகட்டி போதும், குலுக்கும்போது உடைந்த ஐஸ் துணுக்கைக்கூட அது பிடித்துவிடும்.

"குலுக்கித்தான் ஆகணுமா, கரண்டியால கலக்குனா என்ன?"

பொதுவாக ஜூஸ் சேராத காக்டெயிலைக் கலக்குவார்கள், ஜூஸ் சேர்ந்ததைக் குலுக்குவார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் இதைக் கலக்கத்தான் வேண்டும். ஆனால் இத்தாலிக்காரர்கள் இதைக் குலுக்குகிறார்கள், எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. டிரிபிள் செக்கின் இனிப்பு கெட்டியாக நாக்கில் உட்காராமல் இருக்க அந்தக் கடும் குளிர்ச்சியும் சின்னச் சின்ன காற்றுக் குமிழிகளும் உதவுகின்றன.

குலுக்கி ஊற்றியதும் ஒரு நிமிஷம் மங்கலாகத் தெரியும். குமிழி அடங்கினதும் பெரும்பாலும் தெளிந்துவிடும். கண்ணாடி மாதிரி தெளிவாகவே வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும் என்றால் பெரிய ஐஸ் போட்டு நீளக் கரண்டியால் அரை நிமிஷம் கலக்குங்கள், தப்பில்லை.

"எங்க வீட்டு ஐஸ் போட்டா வெறும் தண்ணியா போயிருது"

நம் ஊர் வெயிலுக்கு இது நியாயமான கேள்வி. மே மாதம் மதியம் ஐஸை எடுத்துக் கிண்ணத்தில் வைத்துவிட்டு ஜின் பாட்டிலைத் தேடினீர்கள் என்றால், திரும்பி வரும்போது பாதி தண்ணீர். அந்த ஈர ஐஸ் போட்டால் முதல் நொடியிலேயே தண்ணீர் சேர்ந்துவிடும், குளிர்ச்சி வராது. எல்லாவற்றையும் அளந்து பாத்திரத்தில் ஊற்றி வைத்துவிட்டுக் கடைசியில் ஐஸ் எடுக்க வேண்டும், ஃப்ரீசரில் இருந்து நேரே பாத்திரத்துக்கு.

இன்னொன்று, ஐஸ் குறைவாகப் போட்டால் தண்ணீர் குறைவாகச் சேரும் என்று நினைக்கிறார்கள். நேர்மாறாகத்தான் நடக்கும். ஐஸ் நிறைய இருந்தால் சீக்கிரம் குளிர்ந்துவிடும், குளிர்ந்தபின் ஐஸ் மெதுவாகத்தான் உருகும். நாலு கட்டி போட்டு ரொம்ப நேரம் குலுக்கினால்தான் சப்பென்று ஆகும். கட்டியும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். மீன் மார்க்கெட்டில் உடைத்துத் தருகிற ஐஸ் வேண்டவே வேண்டாம், அது குடிக்கிறதற்கு உண்டாக்கினது இல்லை. தாமிரபரணித் தண்ணீர் என்றாலும் காய்ச்சி ஆறவைத்து ட்ரேயில் ஊற்றுங்கள்.

"ஜின் எதுவும் போடலாமா? நீல பாட்டில் ஒண்ணு பாத்தேனே, அதப் போட்டா கலரும் வந்துரும்லா?"

வராது. பாம்பே சஃபையரின் பாட்டில்தான் நீலம், உள்ளே இருப்பது தண்ணீர் போலத் தெளிவான ஜின். நல்ல ஜின்தான், ஆனால் நீலம் குராசோவில் இருந்துதான் வர வேண்டும்.

லண்டன் டிரை என்று போட்ட எந்த ஜின்னும் சரி, ஜின்னுக்கு வாசம் தருகிற ஜூனிபர் காயின் அந்தப் பைன் மர வாசம் தூக்கலாக இருக்க வேண்டும். அதுதான் இரண்டு இனிப்பு மதுக்களையும் எதிர்த்து நிற்கிறது. 2017ல் கோவாவில் ஆரம்பித்த 'கிரேட்டர் தான்' (Greater Than) என்கிற ஜின் இந்த வேலைக்கு நன்றாக ஒத்துவருகிறது. ரோஸ் கலர் ஜின், பழ வாசனை ஜின் எல்லாம் வேண்டாம், ஏற்கெனவே இதில் இனிப்பு போதுமான அளவு இருக்கிறது. வோட்கா போட்டால் வேறு காக்டெயில், வெறும் ஆரஞ்சு மிட்டாய் ருசிதான் வரும்.

"குவான்ட்ரோ நம்ம கடையில கெடைக்காதாமே?"

டாஸ்மாக் சாதாரணக் கடையில் எதிர்பார்க்காதீர்கள். பெரிய ஊர்களில் எலைட் கடைகளில் இருக்கலாம், முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். நம் வீடுகளில் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ ஒருவர் இல்லாமல் இருக்க மாட்டார்கள், அவர் விமான நிலைய டூட்டி ஃப்ரீயில் வாங்கி வருவதுதான் சுலபமான வழி. இந்தியாவுக்குள் வரும்போது ஒருவருக்கு 2 லிட்டர் வரை மதுவுக்குச் சுங்கவரி இல்லை.

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாகக் கேரளாவில் வாங்கி வந்துவிடுகிறேன் என்று ஒருவர் சொன்னார். வெளிமாநிலச் சரக்கை அனுமதி இல்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம், புளியரை செக்போஸ்டில் நிற்க வேண்டிவரும். அதற்கு இந்தக் காக்டெயில் ஒரு காரணம் ஆக வேண்டாம். புதுச்சேரிக்கும் இதே பதில்தான்.

குவான்ட்ரோவே வேண்டும் என்று இல்லை. அது பிரான்சில் ஆஞ்சே நகரில் செய்வது, 40 சதவீதம் ஆல்கஹால். வேறு கம்பெனி டிரிபிள் செக்குகள் பெரும்பாலும் இதைவிட மென்மையாகவும் இனிப்பு தூக்கலாகவும் இருக்கும், அப்படி என்றால் 15 மில்லிக்குப் பதில் 12 மில்லி போடுங்கள்.

"சூப்பர் மார்க்கெட்ல புளூ குராசோ சிரப்புன்னு இருக்கே, அது போதுமா?"

போதும், ஆனால் அது மது இல்லை, சர்க்கரைப் பாகும் வாசனையும் சாயமும் சேர்ந்தது, மாக்டெயில் செய்ய விற்கிறார்கள். மதுவைவிட இனிப்பும் நிறமும் அடர்த்தி. 5 மில்லி சொன்ன இடத்தில் 2.5 மில்லி, சளி மருந்து மூடியின் முதல் கோடு. பெரும்பாலான வீடுகளில் இந்தச் சிரப்பை வைத்துத்தான் செய்யப் போகிறீர்கள், அதில் ஒரு குறையும் இல்லை. டிரிபிள் செக்குக்குப் பதிலாகவும் இதையே ஊற்றிவிடலாமா என்றால் கூடாது, ஜின்னில் பாகு கரைத்த மாதிரி ஆகிவிடும்.

"ஆரஞ்சுத் தோல ஊறப்போட்டு டிரிபிள் செக்க நாமளே செஞ்சா என்ன?"

செய்யலாம், வாசம் அருமையாக வரும். 250 மில்லி வோட்காவில் இரண்டு மூன்று கமலா ஆரஞ்சின் தோல், உள்பக்க வெள்ளையை மட்டும் கத்தியால் சீவி எடுத்துவிட வேண்டும், கசப்பு முழுக்க அங்கேதான். பளபளவென்று இருக்கிற பழம் என்றால் மேலே மெழுகு பூசியிருப்பார்கள், வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள். நாலைந்து நாள் இருட்டான அலமாரியில் வைத்து, வடிகட்டி, சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் காய்ச்சி ஆறவைத்த பாகை ருசி பார்த்து ருசி பார்த்துச் சேருங்கள். பாதித் தோலுக்குப் பதில் நார்த்தங்காய்த் தோல் போட்டுப் பாருங்கள். அந்தக் காரமான மணம் நம் ஊருக்கே உரியது, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

கடையில் வாங்கின மதுவில் தோல் ஊறப்போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் காய்ச்சி வடிப்பது குற்றம் மட்டுமல்ல, கண் போகும், உயிர் போகும் காரியம்.

"நான் செஞ்சேன், பச்சையா வந்துச்சே?"

உள்ளே எங்கேயோ மஞ்சள் சேர்ந்திருக்கிறது. நீலத்தோடு மஞ்சள் சேர்ந்தால் பச்சை. மேலே சொன்ன மாதிரி தோல் ஊறப்போட்டுச் செய்திருந்தால் அது மஞ்சளாகத்தான் இருக்கும், காக்டெயில் கடல் பச்சையாக வரும். பிராந்தி அடிப்படையில் செய்கிற கிராண்ட் மார்னியர் மாதிரி தேன் நிற ஆரஞ்சு மது போட்டாலும் இதே கதை, இன்னும் கொஞ்சம் கலங்கலாக. ஆரஞ்சு ஜூஸ் ஊற்றினீர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். ருசிக்கு ஒரு கேடும் இல்லை. நீலமே வேண்டும் என்றால் நிறமில்லாத டிரிபிள் செக் வேண்டும், அவ்வளவுதான். குராசோவைக் கூட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

"வேலியில சங்குப்பூ பூத்துக் கெடக்கு. அதப் போட்டு நீலமாக்க முடியாதா?"

முடியும், எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. வெள்ளைச் சங்குப்பூ உதவாது, கருநீலம் வேண்டும். அடியில் இருக்கிற பச்சைக் காம்புப் பகுதியைக் கிள்ளிப் போட்டுவிட்டு, ஐந்தாறு பூவைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, 100 மில்லி ஜின்னில் போடுங்கள். முதலில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பிறகு இதழ் ஓரத்தில் இருந்து நூல் நூலாக நீலம் இறங்கும், ஒரு மணி நேரத்தில் பாட்டில் முழுக்க ஏறிவிடும், பூ வெளுத்துப் போயிருக்கும். அப்போதே வடிகட்டிவிட வேண்டும், அதற்கு மேல் விட்டால் பச்சைப் பயறு ஊறின மாதிரி ஒரு வாடை வரும். வெளிநாட்டிலும் சங்குப்பூ போட்ட ஜின் விற்கிறார்கள், கனடாவின் எம்ப்ரஸ் 1908 அதில் பேர் பெற்றது.

இந்த நீலம் அமிலம் பட்டால் மாறிவிடும். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விழுந்தால் ஊதா, கூடினால் ரோஸ். டானிக் தண்ணீரில் சிட்ரிக் அமிலம் இருப்பதால் அதிலும் மாறும். ஆஞ்சலோ அட்சுர்ரோவில் புளிப்பு எதுவும் சேராததால் நீலம் அப்படியே நிற்கும், கொஞ்சம் ஊதா சாயலோடு. சங்குப்பூவுக்கு ஆரஞ்சு வாசம் கிடையாது என்பதால் குராசோ போடாத அந்த 5 மில்லியை டிரிபிள் செக்காகக் கூட்டி 20 மில்லி ஆக்கிவிடுங்கள். வெயில் படுகிற இடத்தில் வைத்தால் நிறம் வெளுத்துவிடும், தேவைக்கு மட்டும் ஊறப்போடுங்கள்.

"எலுமிச்சம்பழம் ஒரு மூடி பிழிஞ்சா தூக்கலா இருக்குமே?"

இருக்கும், ஆனால் அது வேறு காக்டெயில். ஜின், புளூ குராசோ, எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் அதற்கு புளூ லேடி என்று பெயர். ஜின், குவான்ட்ரோ, எலுமிச்சை சேர்ந்தால் ஒயிட் லேடி. இவை நல்லவைதான், இனிப்பு பிடிக்காதவர்களுக்கு இன்னும் நன்றாக இருக்கும். வோட்காவும் லெமனேடும் வந்தால் புளூ லகூன், ரம்மும் அன்னாசியும் வந்தால் புளூ ஹவாய், அது 1957ல் ஹவாயில் ஹாரி யீ என்கிற பார்டெண்டர் உண்டாக்கியது. நீலமாக இருப்பதெல்லாம் ஒன்று என்று நினைத்துத்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

ஆஞ்சலோ அட்சுர்ரோவுக்கு எலுமிச்சையில் வேண்டியது தோல் மட்டும். புளியங்குடி எலுமிச்சை, நல்ல மஞ்சள் ஏறினது, ஒன்றை எடுத்து விரல் நீளத்துக்கு மெல்லிசாகத் தோலைச் சீவுங்கள். மேல்பக்கம் கிளாஸைப் பார்க்கும்படி பிடித்து, இரண்டு கையாலும் லேசாக மடக்குங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் புகை மாதிரி எண்ணெய் தெறிப்பது கண்ணுக்கே தெரியும், அது நீலத்தின் மேல் விழுந்து சின்னச் சின்ன வட்டமாக மிதக்கும். குடிக்கும்போது முதலில் மூக்குக்குப் போவது அந்த வாசம்தான். சாறு உள்ளே விழ வேண்டாம்.

"எம்புட்டு ஏறும்? கலர் தண்ணிதானே, ரெண்டு மூணு அடிக்கலாம்லா?"

கணக்குப் பார்ப்போம். நம் நாட்டு ஜின் பெரும்பாலும் 42.8 சதவீதம். 30 மில்லி ஜின்னில் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 13 மில்லி, 15 மில்லி குவான்ட்ரோவில் 6, புளூ குராசோவில் 1. மொத்தம் 20 மில்லி. அதாவது நான் சொன்ன சின்ன அளவே ஒன்றரை ஸ்மால் பெக் (ஒரு ஸ்மால் என்பது 30 மில்லி சரக்கு). பார் அளவான 60, 30, 10 குடித்தால் மூன்று ஸ்மால் பெக்குக்கு மேல், 5 சதவீத பீர் ஒரு முழு 650 மில்லி பாட்டிலைவிட அதிகம். அது ஒரு சின்ன கிளாஸில், இனிப்பாக, ஜில்லென்று, தொண்டையில் எரியாமல் இறங்குவதுதான் ஆபத்து.

ஒன்று போதும். நிதானமாக, சாப்பிட்ட வயிற்றோடு. குடித்தபின் வண்டிச் சாவியைத் தொடாதீர்கள். குற்றால சீசனுக்கு வருகிறவர்களுக்கு இதைக் கைகூப்பியே சொல்கிறேன், குடித்துவிட்டு அருவியில் நிற்காதீர்கள், பாறையும் வழுக்கும், தண்ணீரும் எப்போது கூடும் என்று தெரியாது.

"சுகர் இருக்கு, மாத்திர போடுதேன். ஒண்ணே ஒண்ணு குடிக்கலாமா?"

குடிக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது. இதில் சேர்கிற இரண்டு மதுவிலும் சர்க்கரை நிறைய இருக்கிறது, குவான்ட்ரோவில் மட்டும் 30 மில்லிக்கு ஒன்றரை டீஸ்பூன் அளவுக்கு வரும். மறுபக்கம், சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு வெறும் வயிற்றில் ஆல்கஹால் போனால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடவும் கூடும். தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை எடுப்பவர்கள் தொடவே வேண்டாம்.

"அந்த நீலச் சாயத்தாலதான் மறுநாள் தலவலின்னு சொல்லுதாவளே?"

5 மில்லியில் இருக்கிற சாயம் அப்படி ஒன்றும் செய்யாது, நம் நாட்டில் உணவில் சேர்க்க அனுமதித்த சாயம்தான் அது. தலைவலி ஆல்கஹாலால் வருவது, தண்ணீர் குடிக்காததால் கூடுவது. முந்தின கேள்விக்கு முந்தின கணக்கைப் பாருங்கள். ஒரு கிளாஸ் இதற்கு இரண்டு டம்ளர் தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"தொட்டுக்க என்ன?"

உப்பும் காரமும். பொரித்த நெத்திலி, வறுத்த முந்திரி, வாழைக்காய் சிப்ஸ். அல்வா கேட்டார் ஒருவர். அல்வாவை அதற்குரிய மரியாதையோடு தனியாகச் சாப்பிடுங்கள், இனிப்புக்கு மேல் இனிப்பு போனால் இரண்டும் கெடும்.

"பத்துப் பேரு வாராக. ஒவ்வொண்ணா குலுக்கிட்டு நிக்க முடியுமா?"

முடியாது, மொத்தமாகக் கலந்து வைத்துவிடுங்கள். 300 மில்லி ஜின், 150 டிரிபிள் செக், 50 புளூ குராசோ, இதோடு 120 மில்லி நல்ல தண்ணீர். தண்ணீர் எதற்கு என்று கேட்பீர்கள். குலுக்கும்போது ஐஸ் உருகி நாலில் ஒரு பங்கு தண்ணீர் தானாகச் சேர்கிறது. அது ருசியின் ஒரு பகுதி, அது இல்லாவிட்டால் காக்டெயில் நாக்கைச் சுடும். பாட்டிலில் ஊற்றி ஃப்ரீசரில் மூன்று மணி நேரம் வைத்தால் நேரே கிளாஸில் ஊற்றலாம், ஆளுக்கு 60 மில்லி. எலுமிச்சைத் தோலை மட்டும் ஒவ்வொரு கிளாஸுக்கும் அப்போதைக்கு அப்போது மடக்குங்கள்.

"ஜின் பாட்டில ஃப்ரீசர்லயே வச்சிருக்கேன், அதனால ஐஸ் இல்லாம ஊத்திக் குடிச்சேன். குளுந்துதான் இருந்துச்சு, ஆனா நல்லா இல்லியே?"

மேலே பத்துப் பேர் கேள்வியில் சொன்ன தண்ணீர்தான் விடை. வீட்டு ஃப்ரீசரில் ஜின் உறையாது, கெட்டியாகக் குளிரும். ஐஸ் இல்லாமல் ஊற்றினால் குளிர்ச்சி வந்துவிட்டது, தண்ணீர் வரவில்லை, கலவை கிட்டத்தட்ட 40 சதவீதமாகவே நிற்கிறது. ஃப்ரீசர் ஜின்னை ஐஸ் போட்டுக் குலுக்கினாலும் ஐஸ் குறைவாகத்தான் உருகும், அதனால் ஐந்து நொடி கூடுதலாகக் குலுக்குங்கள், இல்லாவிட்டால் இரண்டு டீஸ்பூன் குளிர்ந்த தண்ணீரை முதலிலேயே ஊற்றிவிடுங்கள்.

இதே பையன் இன்னொன்றும் கேட்டான், குவான்ட்ரோ ஊற்றினதும் லேசாகப் புகை மாதிரி மங்குகிறதே, கெட்டுப் போச்சா என்று. கெடவில்லை. ஆல்கஹாலில் கரைந்திருந்த ஆரஞ்சுத் தோல் எண்ணெய், குளிரும் தண்ணீரும் சேரும்போது வெளியே வருகிறது. எண்ணெய் நிறைய இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது.

"பெரியப்பா, சரக்கு இல்லாம எங்களுக்கும் நீலமா செஞ்சு தர முடியுமா?"

முடியும் கண்ணு. ஜின்னில் ஜூனிபருக்கு அடுத்தபடியாக முக்கியமான வாசம் கொத்தமல்லி விதைதான், அது நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது. ஒரு டீஸ்பூன் கொத்தமல்லி விதையை ஒன்றிரண்டாகத் தட்டி, ஒரு ஏலக்காய், வெள்ளை நீக்கின ஒரு ஆரஞ்சுத் தோல், அரை டம்ளர் சர்க்கரை, அரை டம்ளர் தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டு வடிகட்ட வேண்டும். ஏழெட்டு சங்குப்பூவை வெந்நீரில் ஐந்து நிமிஷம் போட்டால் நீலத் தண்ணீர் தயார். நீலத் தண்ணீர் 60 மில்லி, பாகு 20 மில்லி, ஐஸோடு குலுக்கி வடிகட்டி, மேலே கொஞ்சம் சோடா.

சோடாவின் லேசான புளிப்புக்கே நீலம் சற்று ஊதாப் பக்கம் சாயும், நீலமாகவே வேண்டும் என்றால் குளிர்ந்த தண்ணீர் ஊற்று. எலுமிச்சையைத் தனியாக வைத்துக் கடைசியில் பிழிந்தால் கண்முன்னே ஊதாவாகி ரோஸாகும், தங்கச்சி தம்பிகளுக்கு அதுதான் வேடிக்கை. புளூ குராசோ சிரப்பில் செய்தால் எத்தனை எலுமிச்சை பிழிந்தாலும் நிறம் மாறாது, அது வேறு சாயம்.

"ஒரு பாட்டில் குராசோ வாங்கிட்டேன், வாட்டிக்கு 5 மில்லிதான் போகுது. மிச்சத்த என்ன செய்ய?"

அவசரமே இல்லை. மது என்றால் மூடியை இறுக்கி, வாய்ப்பக்கம் ஒட்டியிருக்கிற சர்க்கரையை ஈரத்துணியால் துடைத்து (இல்லாவிட்டால் எறும்பு வரும், மூடியும் இறுகிக்கொள்ளும்), இருட்டான அலமாரியில் வையுங்கள், வருஷக்கணக்கில் இருக்கும். வெளிச்சத்தில் அழகுக்கு நிறுத்தி வைத்தால் நாளடைவில் நிறமும் வாசமும் குறையும். சிரப் என்றால் திறந்தபின் ஃப்ரிட்ஜில் வைத்து, லேபிளில் போட்டிருக்கிற காலத்துக்குள் முடித்துவிடுங்கள். சீக்கிரம் தீர வேண்டும் என்றால் மேலே சொன்ன புளூ லேடி செய்யுங்கள், 30 மில்லி ஜின்னுக்கு 20 மில்லி குராசோ, 15 மில்லி எலுமிச்சைச் சாறு, குலுக்குவது இதே மாதிரிதான்.